கொசுக்கடிக்கா, பாம்புக்கடிக்கா?

(திருச்சியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



போன மாதம் இதே மேடையில் ஒரு பேராசிரியர் பாலைத் திணையைப் பற்றிப் பேசினார். பொருள் தேடிப் போகிறவன், வழியில் வெயில், கள்வர், யானை, வீட்டில் கலங்கி நிற்கும் பெண் என்று அருமையாக விரித்தார். இந்த மாதம் இன்சூரன்ஸ் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாலையிலிருந்து பாலிசிக்கு இறங்கிவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டாம். வாசல்படி தாண்டிப் போகிறவருக்கு வழியில் என்ன ஆகுமோ என்ற அந்தக் கவலைதான் இங்கேயும். அன்று அதைப் பாட்டாகப் பாடினார்கள். இன்று அதற்குப் பிரீமியம் கட்டுகிறோம்.

நான் ஒரு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் 11 ஆண்டுகள் கிளெய்ம் மேசையில். பாலிசி விற்கிறவர் மனிதர்களைச் சிரித்த முகத்தோடு பார்ப்பார். கிளெய்ம் மேசைக்காரன் அவர்களையே அழுத முகத்தோடு பார்ப்பான். இன்று நான் பேசப்போவது இரண்டாவது ஆளாக.

என் தங்கை மகள் தஞ்சாவூரில் இருக்கிறாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை. பதினொரு வயதில் பையன், ஆறு வயதில் பெண். கூடவே மாமியார். அந்த அம்மாவுக்கு வயது 68, பதினைந்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தனி. திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் மலேசியா, கோலாலம்பூரிலிருந்து மறுபடி திருச்சி என்று எட்டு நாள் திட்டம். டிக்கெட் போட உட்கார்ந்த அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, அஞ்சு பேருக்கும் சேத்து இன்சூரன்ஸுக்கு ஆறாயிரத்து நானூறு ரூபா கேக்குது. எடுக்கணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

ஒரே வார்த்தையில் சொல்ல வராததால்தான் இன்று உங்களுடைய சாயங்காலம் போகப்போகிறது.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சராசரிக் கணக்குப் பார்த்தால் இன்சூரன்ஸ் எடுக்கிறவருக்கு நட்டம்தான்.

நம் கிராமங்களில் தலைக்கட்டு வரி உண்டு. கோயில் கொடைக்கும் கண்மாய் மராமத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். சில இடங்களில் சாவு விழுந்த வீட்டுக்கும் அப்படி ஒரு வசூல் போகும். இன்சூரன்ஸும் ஒரு தலைக்கட்டுதான். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பத்தாயிரம் பேர் சேர்ந்த தலைக்கட்டு. அந்தப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் அவர் கடன் தீர்ந்தது. ஆனால் கம்பெனி 200 ரூபாய் வாங்காது. ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் வாடகை, டிக்கெட் விற்ற இணையதளத்தின் பங்கு, முதலாளியின் லாபம் எல்லாம் ஏற்றி 400 வாங்கும். ஊர்த் தலைக்கட்டில் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. இதில் உண்டு. ஆக 200 பெறுமான பொருளை 400 கொடுத்து வாங்குகிறீர்கள்.

அப்படியானால் வாங்குகிறவர் ஏமாளியா? இந்தக் கேள்வியை ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் எடுத்துப் பேசி, விடையும் சொல்லிவிட்டார். டேனியல் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை. 1738-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்து வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது. அதில் ஒரு வணிகரைக் கற்பனையாக நிறுத்துகிறார். அவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் அது 10,000 ரூபிளுக்கு விலை போகும். ஆனால் அந்தப் பருவத்தில் கிளம்பும் நூறு கப்பலில் ஐந்து கடலோடு போய்விடுகிறது. இன்சூரன்ஸ் கேட்டால் 800 ரூபிளுக்குக் குறைந்து யாரும் தரவில்லை.

கணக்குப் போடுங்கள். 10,000-த்தில் நூற்றுக்கு ஐந்து என்றால் 500. ஐந்நூறு பெறுமான காப்பை எண்ணூறு கொடுத்து வாங்குவதா? மூலைக்கடை அண்ணாச்சியைக் கேட்டால் வேண்டாம் என்பார். பெர்னூலி கேட்டது வேறு கேள்வி: இந்தச் சரக்கு போனால் அந்த வணிகரிடம் மிச்சம் என்ன இருக்கும்? மிச்சச் சொத்து 5,043 ரூபிளுக்குக் கீழே என்றால் எண்ணூறு கொடுத்து எடுப்பதுதான் புத்தி. அதற்கு மேலே என்றால் எடுக்காமல் துணிந்து அனுப்பலாம். அதே கட்டுரையில் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறார். அந்த எண்ணூறை வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கிறவருக்குக் குறைந்தது 14,243 ரூபிள் சொத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் முட்டாள்.

கப்பலும் கடலும் ஒன்றுதான், பிரீமியமும் ஒன்றுதான். ஒருவருக்கு எடு என்ற விடை, இன்னொருவருக்கு விடு என்ற விடை. வித்தியாசம் வீட்டில் இருக்கிற இருப்பில். ஆபத்து வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் பார்த்தால் விடை பாதிதான் கிடைக்கும். வந்தால் குடும்பம் தாங்குமா என்பதில் இருக்கிறது மீதிப் பாதி.

என் பாட்டிக்குப் பெர்னூலியைத் தெரியாது. கொசு கடித்தால் சொறிந்துகொள், பாம்பு கடித்தால் வைத்தியரிடம் ஓடு என்பாள். இன்சூரன்ஸ் பாம்புக்கடிக்கு உரிய மருந்து. கொசுக்கடிக்கு அதைத் தடவுகிறவர் காசைக் கரைக்கிறார்.

இப்போது என் தங்கை மகளுக்கு வந்த அந்த 6,400 ரூபாய்ப் பாலிசியைத் திறந்து பார்ப்போம். முதல் பக்கத்தில் வண்ணப்படங்களோடு பதினாறு பலன்கள். பெட்டி தாமதமானால் பணம், பெட்டி தொலைந்தால் பணம், விமானம் தாமதமானால் பணம், பாஸ்போர்ட் தொலைந்தால் பணம், இணைப்பு விமானம் தவறினால் பணம். நல்ல பெரிய கொசுக்கூட்டம். இதைப் பார்த்துத்தான் ‘அடேயப்பா, இவ்வளவு தருகிறானே’ என்று கை பட்டனை அழுத்துகிறது.

பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்தால் அதற்குப் பொறுப்பு ஏற்கெனவே விமான நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. 1999-இல் மான்ட்ரியல் நகரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் தாமதமானாலும் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை விமான நிறுவனம் பொறுப்பு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது உச்சவரம்புதான், உங்கள் நட்டம் எவ்வளவோ, நீங்கள் காட்ட முடிந்தது எவ்வளவோ, அவ்வளவுதான் கிடைக்கும். நாலு சேலை, இரண்டு பேன்ட், ஒரு கிலோ முறுக்கு இருந்த பெட்டிக்கு அந்த வரம்பே தாராளம்.

ஆனால் உரிமை இருந்தால் போதாது, கேட்கவும் தெரிய வேண்டும். பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே கவுன்ட்டரில் புகார் எழுதி, எண் போட்ட சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி சேதமானால் கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், வந்து சேர்ந்ததிலிருந்து 21 நாள். 21 நாள் ஆகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாக வைத்து இழப்பீடு கேட்கலாம். நகை, பணம், மாத்திரை, பாஸ்போர்ட் இவற்றைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைப்பது இதையெல்லாம் விடப் பெரிய இன்சூரன்ஸ். அதற்குப் பிரீமியம் கிடையாது.

விமானத் தாமதமும் ஏறக்குறைய இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால், நீண்ட தாமதத்துக்கும் கடைசி நேர ரத்துக்கும் தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரை பயணிக்கு இழப்பீடு என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. புயல், எரிமலை போல நிறுவனத்தின் கைமீறிய காரணமென்றால் அந்தப் பணம் வராது. அப்போதும் சாப்பாடும் தங்குமிடமும் தந்தாக வேண்டும். நம் நாட்டிலும் ரத்துக்கும் இடம் மறுப்புக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் இருக்கின்றன. இவற்றுக்கு மேல் பாலிசி தருவது ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை. எரிச்சல்தான், யார் மறுத்தார்கள்? அதற்காக வீட்டை அடகு வைக்க வேண்டியிராது.

பயணத்தையே ரத்து செய்ய நேர்ந்தால்? இது கொசுவுக்கும் பாம்புக்கும் நடுவில் இருக்கிற பூரான். நாலு லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறோம், கிளம்புவதற்கு முந்தைய வாரம் பையனுக்கு டெங்கு வந்துவிட்டது. பாலிசி தரும், தான் பட்டியலிட்ட காரணமாக இருந்தால். தீவிர நோய், நெருங்கிய உறவில் மரணம் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கும். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, போக மனசில்லை, விசா மறுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இராது. இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. நூறு இருநூறு கூடக் கேட்டாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள். அதுவே பாதி இன்சூரன்ஸ்.

சரி, பாம்பு எங்கே இருக்கிறது? பாலிசியின் பதினாறு பலனில் ஒன்றே ஒன்றில். மருத்துவச் செலவு, அதோடு ஒட்டிய நோயாளி மீட்பு. இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் காகிதத்துக்கே மதிப்பு.

நம்மில் பலரிடம் குடும்ப மெடிக்ளைம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இந்த அட்டை விமானம் ஏறாது. குடும்ப மெடிக்ளைமும் பெரும்பாலும் இந்திய எல்லையோடு நின்றுவிடும். எல்லை தாண்டியதும் நாம் நோயாளி ஆவதற்கு முன் வெளிநாட்டவர் ஆகிறோம். சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு உள்ள மானியம் நமக்குக் கிடையாது. முழுக் கட்டணம், சேர்க்கும்போதே முன்பணம். மலேசிய அரசு மருத்துவமனைகளிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம்தான். பிரிட்டனில் வைத்தியம் இலவசமாமே என்பார்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். வார்டில் படுக்க வைத்துவிட்டால் நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிக்கு வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. அமெரிக்காவில் 1986-ஆம் வருடச் சட்டப்படி, அவசரமாக வரும் யாரையும், பணம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பார்த்து முடித்தபின் பில் வராது என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போகிற நம் ஊர்ப் பெற்றோர் கலங்குவது இந்த பில்லைப் பார்த்துத்தான்.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் 1974 முதல் ஒரு விபத்து நலத் திட்டம் நடக்கிறது. அங்கே சுற்றுலா போய் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால், வெளிநாட்டவராக இருந்தாலும் அங்கே நடக்கும் சிகிச்சைச் செலவுக்கு அந்தத் திட்டம் கைகொடுக்கும். அதே ஆளுக்கு நெஞ்சுவலி வந்தால் கொடுக்காது. அது நோய், விபத்து அல்ல. எந்த நாடு, அங்கே நமக்கு என்ன உரிமை என்று தெரிந்துகொள்ளாமல் பாலிசிக்கு விலை பேசுவது, மாட்டைப் பார்க்காமல் கயிறு வாங்குகிற கதை.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்டால் எடுக்கலாமா, வேண்டாமா என்ற கேள்வியே எழாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு இருந்தாக வேண்டும். அவசர சிகிச்சை, நோயாளியைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது, மரணம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். 2009-இல் இயற்றிய அவர்களுடைய விசா விதித்தொகுப்பில் இது இருக்கிறது. விசா அதிகாரி கேட்கிற பட்டியலைப் பாருங்கள். பெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எது பாம்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நோயாளி மீட்பு என்றேன். பக்கவாதம் வந்து படுத்தவரை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண விமானத்தில் ஸ்ட்ரெச்சர் வைக்கப் பல இருக்கைகளை மடக்க வேண்டும். அத்தனை இருக்கைக்கும் காசு. கூட ஒரு டாக்டரோ நர்ஸோ வர வேண்டும், அவருக்குப் போகவர டிக்கெட். தனி ஏர் ஆம்புலன்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். இறந்துவிட்டால் உடலைப் பதப்படுத்தி, பெட்டி செய்து, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பும் செலவு இருக்கிறது. சுபமாகக் கிளம்பும் நேரத்தில் இதையெல்லாம் வீட்டில் பேச மாட்டோம். பேசாமல் விட்டதன் விலையைக் கிளெய்ம் மேசையில் நான் பார்த்திருக்கிறேன்.

நம் மனசும் சேர்ந்துதான் நம்மைக் குழப்புகிறது. 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். லண்டனுக்குப் பறக்கப்போவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வழியில் பயங்கரவாதத்தால் இறந்தால் பணம் தரும் பாலிசிக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒரு குழுவைக் கேட்டார்கள். சராசரி 14.12 டாலர். எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் தரும் பாலிசிக்கு எவ்வளவு என்று இன்னொரு குழுவைக் கேட்டார்கள். 12.03 டாலர். எந்தக் காரணத்துக்குள்ளும் பயங்கரவாதம் அடக்கம்தானே? பெரிய கூடைக்குக் குறைந்த விலை, அதற்குள் இருக்கிற ஒரு பழத்துக்குக் கூடுதல் விலை. கண்ணுக்குள் படமாக ஓடுகிற பயத்துக்கு நாம் அதிகம் கொடுக்கிறோம். தொலைந்த பெட்டி படமாக ஓடும். ‘மருத்துவச் செலவு’ என்ற வறட்டுச் சொல் ஓடாது.

விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாம் டிக் செய்யாமலே டிக்கெட்டோடு பாலிசியைக் கூடையில் போடுவது, வேண்டாம் என்று சொல்லப் போனால் ‘நான் பாதுகாப்பில்லாமலே போகிறேன்’ என்ற பட்டனை அழுத்த வைப்பது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 வகைச் சூழ்ச்சிகளைத் தடை செய்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கேளாமல் கூடையில் சேர்ப்பது ஒன்று, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது ஒன்று. இந்த இரண்டுக்குமே அவர்கள் தரும் உதாரணங்களில் விமான டிக்கெட்டோடு வரும் இன்சூரன்ஸ் இருக்கிறது. டிக்கெட் பக்கத்தில் காட்டுகிற பாலிசியை அங்கேயே வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தனியாக நாலு கம்பெனியில் விசாரித்து, வாசகங்களைப் படித்து வாங்கலாம்.

வாசகங்கள் என்றதும் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. பெயர் வேண்டாம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் சொன்னாராம், “ஸ்டென்ட் வச்சதெல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறும், சிலசமயம் குடுக்கவே மாட்டாங்க.” நோய் உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதி அவரே கையெழுத்தும் போட்டார். போன மூன்றாவது வாரம் அங்கே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், பாவம், அங்கே உண்மையைச் சொன்னார். கேஸ் ஷீட்டில் முதல் வரியே ஸ்டென்ட். எங்கள் ஆபீஸுக்கு அந்தக் காகிதம் வந்தது. கிளெய்ம் நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். விதிப்படி சரியான கையெழுத்து. இன்றைக்கும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்காது. மகள் வீட்டை விற்றுக் கட்டினாளாம். அந்த ஏஜென்ட் மிச்சப்படுத்திக் கொடுத்தது மூவாயிரமோ நாலாயிரமோ.

ஆகவே சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். சொன்னபின் பிரீமியம் ஏறினால் ஏறட்டும். சொன்ன நோய்க்கும் எல்லாப் பாலிசியும் பணம் தராது. சிலது அறவே தராது. சிலது உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், ஒரு வரம்புக்குள் தரும். வயதானவரோடு போகிறவர்கள் படிக்க வேண்டிய முதல் வரி அதுதான். அடுத்து, உள்வரம்பு. முன்பக்கத்தில் ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருக்கும். உள்ளே அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று கத்தரித்திருப்பார்கள், அதுவும் அறுபது வயது தாண்டியவருக்கு. பெரிய அண்டா, சின்ன வாய். மூன்றாவது, முதல் நூறு டாலர் போன்ற ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை. இது நல்ல நிபந்தனை என்பேன். கொசுக்கடியை நம் கணக்கில் விட்டு, பிரீமியத்தைக் குறைக்கிறது.

நாலாவது, நாம் செய்கிற சாகசங்கள். ஃபூகெட்டிலும் பாலியிலும் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். கடைக்காரர் லைசென்ஸ் கேட்க மாட்டார். விழுந்து எழுந்தபின் இன்சூரன்ஸ்காரர் கேட்பார். அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியிருந்தாலும், குடித்திருந்தாலும் பாலிசி கைவிரிக்கலாம். பாராசெய்லிங், ஆழ்கடல் நீச்சல் எல்லாம் அடங்குமா என்று ஏறும் முன் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, நேரம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவி, ஆறு நாள் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விமானம் பறக்கவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. சாம்பலை டிவியில் பார்த்தபின் பாலிசி வாங்க ஓடியவர்களுக்கு அந்தச் சாம்பலுக்குக் காப்பு கிடையாது. தெரிந்துவிட்ட ஆபத்தை யாரும் காப்பீடு செய்ய மாட்டார்கள். பற்றி எரிகிற வீட்டுக்கு எவர் பாலிசி தருவார்? 2020-இல் கொரோனா வந்தபோதும், கொள்ளைநோய் அடங்காது என்ற ஒரு வரியைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார்கள். ரத்துக்கும் காப்பு வேண்டும் என்றால் டிக்கெட் போட்ட கையோடு எடுக்க வேண்டும். கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் எடுப்பவருக்கு அந்தப் பலன் ஏற்கெனவே போய்விட்டது.

எல்லாம் சரியாகச் செய்தும் கம்பெனி மறுத்தால்? முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நமக்குச் சென்னையில் அலுவலகம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கைக் கேட்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். என் மேசையில் மறுத்த சிலவற்றை அவர்கள் திருப்பி எழுதியதும் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

யாருக்குத் தேவையில்லை என்றும் சொல்லாவிட்டால் நான் இன்னும் விற்பனைப் பிரிவிலேயே இருப்பதாக நினைப்பீர்கள். கம்பெனி வேலையாகப் போகிறவருக்குக் கம்பெனியே எடுத்திருக்கும். விடுமுறைக்கு அது செல்லுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கிரெடிட் கார்டுகளில் பயணக் காப்பு இருக்கும். அந்தக் கார்டிலேயே டிக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனையோடு, பெரும்பாலும் கார்டுக்காரருக்கு மட்டும். அதில் மருத்துவம் எவ்வளவு, மனைவி மக்களுக்கு உண்டா என்று பாருங்கள். போதுமென்றால் இன்னொன்று வேண்டாம். 50 லட்சம் ரூபாய் பில் வந்தாலும் முகம் சுளித்துவிட்டுக் கட்டக்கூடியவருக்கும் வேண்டாம். பெர்னூலி கணக்கில் அவர் 5,043 ரூபிளுக்கு மேலே நிற்கிறவர்.

என் தங்கை மகளிடம் நான் கேட்டதும் இதைத்தான். “கையில எவ்வளவு இருக்கும்மா?” வீட்டுக் கடன் பாக்கி, வங்கியில் இரண்டு லட்சம், கொஞ்சம் நகை. ஐந்து பேரில் ஒருவருக்கு அங்கே மூன்று நாள் ஐ.சி.யூ. என்றால் நகை போகும், பிறகு கடன். பாம்பு கடித்தால் தாங்காத வீடு. எடு என்றேன். ஆனால் அந்தப் பதினாறு பலன் பாலிசி வேண்டாம். பெட்டி, தாமதம், கைப்பை எல்லாவற்றையும் நீக்கி, மருத்துவமும் மீட்பும் பெரிதாக இருக்கிற பாலிசி. மாமியாருக்குத் தனியாக, சர்க்கரையையும் பிரஷரையும் எழுதி, அவற்றால் வரும் உயிராபத்துக்கும் தொகை உள்ளதாகப் பார்த்து எடு என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். “என்ன மாமா, இத்தனையும் வெட்டியும் ஏழாயிரத்து நூறு வருது! ஆறாயிரத்து நானூறே தேவலாம் போல இருக்கே.”

கூடிய எழுநூறும் அத்தை என்று அவள் கூப்பிடும் மாமியாரின் சர்க்கரையை மறைக்காமல் எழுதியதற்கு. முதல் பாலிசி சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே இல்லை, தனக்கு அது தேவையில்லை என்பதால். ஏற்கெனவே உள்ள நோய் எதுவானாலும் தர மாட்டோம் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதிவிட்டிருந்தார்கள். பெட்டி தொலைந்தால் பணம் வரும், அத்தை விழுந்தால் வராது. அந்தக் குடும்பத்தில் வெளிநாட்டில் விழக்கூடியவர் என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருகிறவரே அந்த அம்மாதான்.

ஏழாயிரத்து நூறைக் கட்டினாள். கட்டியபின் இன்னொரு வேலை சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்லி முடிக்கிறேன்.

பாலிசியின் மூலையில் ஒரு போன் நம்பர் இருக்கும். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் அந்த எண்ணுக்குப் பேசினால்தான் பணம் கட்டாமல் சிகிச்சை நடக்க வழி பிறக்கும். அவர்கள் ஆஸ்பத்திரியோடு நேரே பேசிக்கொள்வார்கள். பேசாமல் நாமே கட்டிவிட்டு வந்து பில்லை நீட்டினால் இழுபறிதான். அந்த எண் சாதாரணமாக எங்கே இருக்கும்? மாப்பிள்ளையின் கைப்பேசியில், ஈமெயிலில், பி.டி.எஃப். இணைப்பில். விழுந்தது மாப்பிள்ளையாக இருந்தால்?

தஞ்சாவூரில் அத்தை மயங்கி விழுந்தால் எதிர்வீட்டுப் பையன் ஆட்டோ பிடிப்பான், பக்கத்து வீட்டக்கா பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள், மருந்துக்கடைக்காரர் கடனில் கொடுப்பார். ஒரு தலைக்கட்டே ஓடி வரும். கோலாலம்பூர் ஹோட்டலின் பதினேழாவது மாடியில் அந்த ஆட்கள் கிடையாது. ஏழாயிரத்து நூறு ரூபாய் கொடுத்து அவள் வாங்கியது, அர்த்த ராத்திரியில் போனை எடுத்துப் பேச ஒரு தலைக்கட்டை. அதன் விலாசம் அந்த நம்பர்தான்.

அதனால் நம்பரை ஐந்து சீட்டில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். பிள்ளைகளின் பைக்கு ஒவ்வொன்று, அப்பா பர்ஸில் ஒன்று, அம்மா கைப்பையில் ஒன்று. ஐந்தாவது சீட்டை அத்தை தன் சுருக்குப்பையில், மாத்திரை அட்டைக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.